முத்தம்மாவின் முப்பத்துநான்கு அடி

முத்தம்மா எங்கள் அலுவலகத்துக்குள் முதன்முதலாக வந்தபோது நான் மூக்கைச் சுளித்தேன். மீன் கூடையை வெளியே வேப்பமரத்தடியில் இறக்கிவைத்துவிட்டுத்தான் வந்திருந்தாள். என் மூக்குக்கு அந்த மரியாதை போதவில்லை. அவள் அதைப் பார்த்தாள், பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அவள் கதையில் நான் நல்லவனாகத் தெரியும் இடங்கள் குறைவு.

மதராஸில் டிராம் வண்டி நின்றுபோன மறு வருஷம், 1954. ராயபுரத்துக்கும் தண்டையார்பேட்டைக்கும் இடையே கடலை ஒட்டிக் கிடந்த எங்கள் டிவிஷனில் நான் நகரசபைக் குமாஸ்தா. பெயர் மாசானம், திருநெல்வேலிச் சீமைக்காரன். எங்கள் ஜனங்கள் பட்டணத்துக்கு வந்தால் கடை போடுவார்கள், மண்டி வைப்பார்கள். நான் பேனா பிடித்தேன். என் தாய்மாமன் வெள்ளத்துரை மிளகாய் வற்றல் மண்டிக்காரர். என்னைச் 'சம்பளக்காரன்' என்றுதான் கூப்பிடுவார். ஏதோ வியாதியின் பெயரைச் சொல்வது போல இருக்கும்.

முத்தம்மா சங்குமேட்டுக்குப்பத்துக்காரி. அங்கேயே பிறந்து அங்கேயே வாழ்க்கைப்பட்டவள். புருஷன் விஷக்காய்ச்சலில் போய்ச் சேர்ந்தபின், காலையில் கரையில் மீன் ஏலம் எடுத்து, கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு தண்டையார்பேட்டைத் தெருக்களில் விற்று, ஒரே மகன் மனோகரனை ஆளாக்கியவள். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் விடமாட்டாள். வாடிக்கை வீட்டில் ரேடியோ பாடினால், பாடுகிறவர் எந்த ஊரிலிருந்து பாடுகிறார், அவருக்கு எப்போது சோறு போடுவார்கள் என்று விசாரிப்பாள். தபால்காரரை நிறுத்தி, பெட்டியில் போட்ட கடிதம் யார் யார் கை மாறிப் போகிறது என்று கேட்பாள். அவர் ஒருநாள் பொறுக்க மாட்டாமல் வேறு தெரு வழியாகப் போக ஆரம்பித்தாராம்.

அந்த வருஷம் நகரசபைக்கு ஒரு யோசனை தோன்றியது. நகரத்தால் தானாகவே செய்துகொள்ள முடியாத காரியங்கள் எத்தனையோ உண்டு. குடிநீர்க் குழாய், உயர்நிலைப்பள்ளி எல்லாவற்றுக்கும் ராஜ்ய சர்க்கார் மனது வைக்க வேண்டும். கவுன்சிலர்கள் ஆளுக்கு ஒரு பக்கம் ஓடி, ஆளுக்கு ஒரு எம்.எல்.ஏ.வைப் பிடித்து, ஆளுக்கு ஒன்று கேட்டால் ஒன்றும் நடப்பதில்லை. அதனால் நகரம் முழுவதற்கும் சேர்த்துப் பத்தே பத்துக் கோரிக்கை. அவற்றை வரிசைப்படுத்தி அச்சடித்து, பட்ஜெட்டுக்கு முன்னால் நகரத்து எம்.எல்.ஏ.க்கள் எல்லோர் கையிலும் கொடுத்துவிடுவது. அதற்காக ஒவ்வொரு டிவிஷனும் ஜனங்களைக் கூட்டி, கை தூக்கச் சொல்லி எண்ணி, மூன்று கோரிக்கைகளை அனுப்ப வேண்டும்.

எங்கள் கூட்டம் பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. நான்கு கோரிக்கைகள் வந்தன. புதுக் குடிநீர்க் குழாய், பெண்களுக்கு உயர்நிலைப்பள்ளி, மாமா எழுதிக் கொடுத்த கிடங்குத் தெரு அகலப்பாதை. நான்காவது, கடல் ஏறி வருவதைத் தடுக்கக் குப்பத்தருகே கடலுக்குள் நீட்டிக் கல் போட வேண்டும் என்பது. நான்கில் ஒன்று கழிந்தாக வேண்டும்.

குப்பத்திலிருந்து இருநூறு பேர் வந்து பின்னால் நின்றார்கள். அவர்கள் தலைவரை நாட்டார் என்பார்கள். நாட்டார் தேசப்பன் முன்னே வந்து, "கடலு வந்துகினே கீது. கல்லு வேணும்" என்றார். அவ்வளவுதான் பேச்சு. கை தூக்குங்கள் என்றபோது தன் வலது கையைத் தூக்கினார். பின்னால் ஒரு கை அசையவில்லை. நான் நின்று பார்த்தேன், மறுபடியும் கேட்டேன். நாட்டாரின் கை மட்டும் கொடிக்கம்பம் மாதிரி நின்றது.

குழாய்க்கு நூற்றுப் பதினெட்டு, பள்ளிக்கு எழுபத்துமூன்று, கிடங்குத் தெருவுக்கு அறுபத்தொன்று, கல்லுக்கு ஒன்று என்று எழுதினேன். ஒற்றுமை இல்லாத ஜனம் என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டேன். மாமா மீசையைத் தடவிக்கொண்டு போனார்.

ஒன்பதாம் நாள்தான் முத்தம்மா வந்தாள்.

"நைனா, எங்க கல்லுப் பேப்பரு இப்ப எங்க கீது? யாரு கையில கீது?"

"எங்கேயும் இல்லம்மா. அது கழிஞ்சுபோச்சு. உங்களுக்கு ஒரு கைதான் விழுந்துது."

"ஒரு கைதான் வுழும். ஒரு நாட்டாரு தானே?"

எனக்குப் புரியவில்லை. இருநூறு பேர் வந்து நின்றுவிட்டு ஏன் கையைக் கட்டிக்கொண்டிருந்தீர்கள் என்று கேட்டேன்.

அவள் என்னை, பாவம், படித்தும் இப்படியா என்பது போலப் பார்த்தாள். "நாட்டாரு கை தூக்கிட்டாருன்னா ஊரே தூக்கினாப்பல. அவரு தூக்கினப்புறம் நாமளும் தூக்கினா, உன் கை பத்தாதுன்னு அவரு மூஞ்சிக்கு நேரா சொல்ற மாரி ஆவாது? அதுக்குத்தான் அல்லாரும் கம்முனு நின்னுகினு இருந்தோம். மரியாதியா."

என் காது சூடாகிவிட்டது. மற்ற இடத்தில் அறுபத்தொரு கை என்றால் அறுபத்தொரு பேர். இங்கே ஒரு கை என்றால் ஒரு குப்பம். அதை நான் ஒன்று என்று எழுதி, கோடு போட்டுக் கவுன்சிலர் கையெழுத்தும் வாங்கிவிட்டேன். தப்பு கணக்கில் இல்லை, அதனால்தான் அது என்னை இன்னும் உறுத்தியது.

"சரி, இன்னொரு கூட்டம் போடச் சொல்றேன். எல்லாரும் கை தூக்குங்க."

"வோணாம் நைனா. நாட்டாரு கை ஒண்ணுன்னு எண்ணிட்டாங்கன்னு தெரிஞ்சா அவரு வூட்ட வுட்டு வெளிய வரமாட்டாரு. பெரிய மன்சன். அவருக்கு இது தெரியவே கூடாது. வேற வயி பாரு."

போகிறபோக்கில் அவள் சொன்னதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. "எம் புள்ள மனோகரனுக்கு எண்ணூரு பக்கம் பொண்ணு பேசி வெச்சிகிறேன். நீலான்னு பேரு. நல்ல பொண்ணு. அவளப் பெத்தவன் இன்னா சொல்ட்டான் தெரிமா? உங்க அம்மன் கோயிலு முப்பத்திநாலு அடியில கீது, அடுத்த புயலுக்கு நீங்க எங்க கீறீங்களோ, கல்லு வந்தா கண்ணாலம், இல்லாட்டி இல்லன்ட்டான். ஒரே புள்ள நைனா. எனக்குத் தூக்கமே இல்ல."

முப்பத்துநான்கு அடி என்று யார் அளந்தது?

"அளக்கிறதா? நாங்க நடக்கறோம். வந்து பாரு" என்றாள்.

கடற்கரைப் பக்கம் போவதென்றாலே எனக்கு வேப்பங்காய். ஆனாலும் மறுநாள் மத்தியானம் போய் நின்றேன், ஆசையால் அல்ல, அது என்னவென்று தெரியாமல் இருப்புக்கொள்ளவில்லை. கங்கையம்மன் கோயில் சிறியது. அதன் எதிரே குடிசைகள் இருந்த இடத்தில் இப்போது அலை புரண்டது. இரண்டு வரிசை வீடுகள் போய்விட்டன, முத்தம்மாவின் வீடு கோயிலை ஒட்டி மிஞ்சியிருந்தது.

அந்தக் குப்பத்தில் மணமான மறுநாள் காலை புதுப்பெண் கடலில் குடம் நிறைய நீர் மொண்டு, தண்ணீர் கணுக்காலை நனைக்கும் இடத்திலிருந்து கோயில் வாசல்வரை நடந்து அம்மன் படியில் ஊற்ற வேண்டும். ஒரு சொட்டுத் தளும்பக் கூடாது, நடுவில் நிற்கவும் கூடாது. அவள் பயந்து நின்றுவிடாமலிருக்கப் பெண்கள் இரண்டு பக்கமும் கூடவே நடந்து, அடிக்கு ஒரு எண் உரக்கச் சொல்லிக்கொண்டு வருவார்கள். வந்து சேர்ந்த எண் அந்தப் பெண்ணோடு கடைசிவரை ஒட்டிக்கொள்ளும். சண்டை வந்தால், "போடி, நீ வெறும் அறுபத்தொண்ணு, நான் நூத்தி முப்பத்தொம்பது" என்பார்கள். எண் பெரிதானால் மூத்தவள் என்று அர்த்தம். ஏன் பெரிதென்று யாரும் யோசித்ததில்லை, முத்தம்மா ஒருத்தியைத் தவிர.

அவள் வீட்டு வாசலில் பெண்களைக் கூட்டி வைத்திருந்தாள். நான் பேனாவைத் திறந்தேன். எம்டன் கப்பல் குண்டு போட்டதற்கு அடுத்த தை மாதம் வந்த சொக்கம்மாள், இருநூற்றெட்டு. அதற்கு எட்டு வருஷம் கழித்துப் பூவம்மா, நூற்றெழுபத்தொன்று. உப்பு சத்தியாகிரகத்துக்கு அடுத்த தையில் முத்தம்மா, நூற்றுமுப்பத்தொன்பது. ஜப்பான்காரன் வருகிறான் என்று பட்டணமே காலியான வருஷத்துப் பெண்ணுக்குத் தொண்ணூற்றிரண்டு. சுதந்திரம் வந்த அடுத்த தைக்கு அறுபத்தொன்று. போன தையில் வந்தவள் எழுந்து நின்று, முப்பத்துநான்கு என்று தலையைக் குனிந்துகொண்டாள். ஏதோ அவள் செய்த குற்றம் மாதிரி. மொத்தம் இருபத்துமூன்று பெண்கள், நாற்பது வருஷம். எழுதி முடித்து மேலிருந்து கீழே ஒருமுறை படித்தேன், வருஷம் ஏற ஏற எண் தேய்ந்திருந்தது. சர்க்கார் பீரோ எதிலும் இப்படி ஒரு காகிதம் இருக்க முடியாது.

எங்கள் டிவிஷன் கவுன்சிலரிடம் கொண்டுபோனேன். படித்துவிட்டு, "கையெழுத்துப் போட்டாச்சே, மாசானம். மூணுல ஒண்ணைக் கேட்டவங்களே எழுதிக்கொடுத்து வாபஸ் வாங்கினாத்தான் நாலாவது உள்ளே வரும்" என்றார். மூன்றில் தனியாள் பெயரில் இருந்தது ஒன்றுதான். கிடங்குத் தெரு. மாமா.

மண்டியில் மாமா காகிதத்தைக் கண்ணிலிருந்து எட்டப் பிடித்துப் படித்தார்.

"என்னல இது, கல்யாணப் பட்டியலா?"

விவரம் சொன்னேன். அவர் காகிதத்தை மடித்து என் சட்டைப் பையிலேயே சொருகினார். "மருமவனே, எட்டு வருசமா அந்தத் தெருவுல வண்டி திரும்ப முடியாம கெடக்கு. அறுவது பேரு எனக்காவக் கை தூக்கிருக்கான். பொம்பளையாளுவ நடந்ததுக்கு நான் விட்டுக்குடுக்கணுமோ? சம்பளக்காரன் புத்தி சம்பளக்காரன்கிட்டதான் இருக்கும்."

என்னோடு வந்து வாசலில் நின்ற முத்தம்மா உள்ளே எட்டிப் பார்த்தாள். "மொதலாளி, உங்க கிடங்கு கடலாண்டேர்ந்து எத்தினி அடி?"

"அது எங்கயோ இருக்கு. கடலுக்கும் அதுக்கும் என்ன?"

"எத்தினின்னு தெரியாதா?"

வியாபாரியிடம் உன் சரக்கின் எடை உனக்குத் தெரியாதா என்று கேட்பது போலக் கேட்டாள். மாமாவுக்குச் சுருக்கென்றது. மறுநாள் காலை அவர் கரைக்கு வந்தே விட்டார். சலவை வேட்டி, பெரிய தொந்தி, கையில் குடை. முத்தம்மா நிறைகுடம் ஒன்றை அவர் இடுப்பில் வைத்தாள்.

"இது எதுக்கு?"

"கொடம் இல்லாட்டி அடி பெர்சா வெப்பீங்க. தளும்பாம நடந்தாத்தான் அல்லாருக்கும் ஒரே அடி."

ராயபுரம் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு ஊர்வலத்தைப் பார்த்ததில்லை. வேட்டியை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, குடத்தைக் குழந்தைபோல இடுக்கிக்கொண்டு மாமா நடக்க, இரண்டு பக்கமும் பத்துப் பெண்கள் ஒன்று, இரண்டு என்று கூவிக்கொண்டு வந்தார்கள். மாமா நிற்கப் பார்த்த இடத்திலெல்லாம் குரல் உயர்ந்தது. கடைக்காரர்கள் வெளியே வந்து வாய் பிளந்தார்கள். எனக்கு எங்கே போய் ஒளிவது என்று இருந்தது. கோயிலைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, சந்துக்குள் திரும்பி, மாமாவின் கிடங்குக் கதவு வந்தபோது எண் இருநூற்றுத் தொண்ணூற்றேழு.

மாமா குடத்தை இறக்கிவிட்டு மிளகாய் மூட்டைமேல் உட்கார்ந்தார். வேர்த்து ஒழுகியது. என் பையிலிருந்து காகிதத்தை அவரே எடுத்தார். நாற்பது வருஷத்தில் போனது நூற்று எழுபத்துநான்கு அடி என்று அவருக்கு யாரும் கூட்டிக் கழித்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"எம் பேரன் காலத்துக்குள்ள கடல் இங்க வந்துருமேல" என்றார். "ரோட்டைப் போட்டு மீனா ஓட்டுவேன்? கொண்டா பேனாவ."

வாபஸ் எழுதிக் கொடுத்தார். அன்றைக்கு என் மாமாவை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

மார்கழியில் நகரசபையின் வெள்ளைக் கட்டடத்தில் கவுன்சில் கூடியது. ஐம்பது டிவிஷன், நூற்றைம்பது கோரிக்கை. அது பத்தாக எப்படிச் சுருங்கும் என்று பார்க்க வேண்டும் என்று முத்தம்மா ஒற்றைக் காலில் நின்றாள். பஸ் ஏறிப் போய்ப் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்தோம். அவள் நல்ல சேலை கட்டித் தலைநிறையப் பூ வைத்திருந்தாள். நான் மூக்கைத் தொடவில்லை.

பாதிக்கு மேல் குழாயும் பள்ளிக்கூடமும்தான். ஒரே மாதிரி இருந்ததை எல்லாம் ஒன்றாகச் சேர்த்தார்கள், அப்படியே ஏழு இடம் நிரம்பிவிட்டது. மீதி மூன்று இடத்துக்கு முப்பது கோரிக்கைகள் முட்டிக்கொண்டன. எங்கள் கவுன்சிலர் எழுந்து பெண்களின் பட்டியலை வாசித்தார். சொக்கம்மாள், இருநூற்றெட்டு. அங்கங்கே சிரிப்புக் கேட்டது. எஞ்சினீயர் எழுந்து, "அடி என்றால் எவ்வளவு? ஒருத்தி அடி மாதிரி இன்னொருத்தி அடி இருக்குமா? கடல் தினம் ஒரு இடத்திலா நிற்கிறது?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். எங்கள் கவுன்சிலர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

மாடத்திலிருந்து பேசக் கூடாது. முத்தம்மா என் தோளை இடித்து, காதில் சொல்லச் சொல்ல நான் ஒரு சீட்டில் எழுதிக் கீழே அனுப்பினேன். குடம் தளும்பாமல் நடந்தால் எல்லோருக்கும் ஒரே அடி. எங்கள் கல்யாணம் எல்லாம் தை மாதம் மட்டும், காலையில் மட்டும். எஞ்சினீயர் அதைப் படித்துவிட்டுச் சபையில் அனுமதி வாங்கி வெளியே வந்தார். தாழ்வாரத்தில் முத்தம்மாவிடம் செம்பு நிறையத் தண்ணீர் கொடுத்து நடக்கச் சொல்லி, அவள் அடியைத் தானே டேப் வைத்து அளந்தார். ஒவ்வொரு அடியும் பிசகாமல் மூன்று சாண் இருந்தது. பிறகு பழைய வரைபடம் ஒன்றை எடுத்துவரச் செய்தார். எம்டன் காலத்து வரைபடம் அது, அதில் கங்கையம்மன் கோயில் ஒரு கரும்புள்ளியாக இருந்தது. புள்ளியிலிருந்து கடல்வரை அளந்தார். சொக்கம்மாளின் இருநூற்றெட்டுக்கும் அதற்கும் ஐந்து அடிதான் வித்தியாசம்.

"வரைஞ்சவன் தப்பா வரைஞ்சிருப்பான்" என்றாள் முத்தம்மா.

எஞ்சினீயர் சிரிக்காமல் உள்ளே போய் அதையே சபையில் சொன்னார், கொஞ்சம் நாசூக்காக. கை தூக்கச் சொன்னார்கள். ஐம்பதில் இருபத்தாறு. கல்லுக்குப் பத்தாவது இடம், கடைசி இடம். கீழே கைகள் உயர்ந்து இறங்குவதையே பார்த்திருந்த முத்தம்மா, "இங்க அல்லாருமே நாட்டாரா நைனா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்று சொல்லிவைத்தேன். அது அப்படியொன்றும் பொய் இல்லை.

அச்சடித்த பட்டியல் எம்.எல்.ஏ.க்களிடம் போனது. அந்தக் காகிதம் இப்போது எங்கே கீது என்று கேட்டு முத்தம்மா வாரம் தவறாமல் வந்தாள். எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள நானும் நாலு இடம் அலைந்தேன், தபால்காரரின் கஷ்டம் எனக்கு அப்போது விளங்கியது. முதல் கோரிக்கையைப் பற்றிச் சட்டசபையில் மணிக்கணக்கில் பேசினார்களாம். பத்தாவதைப் பற்றி எங்கள் உறுப்பினர் இரண்டு நிமிஷம் பேசி, இருபத்துமூன்று எண்களையும் வாசித்து உட்கார்ந்தாராம். எது வேலை செய்ததோ, மறு வருஷக் கடைசியில் லாரிகளில் கருங்கல் வந்தது. கடலுக்குள் நீட்டி இரண்டு வரிசை கொட்டினார்கள். நாட்டார் தேசப்பன் கரையில் நின்று பார்த்துவிட்டு, "ஒரு கை தூக்கினேன், பாத்தியா" என்று மீசையை முறுக்கினார். குப்பத்துப் பெண்கள் எல்லோரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

கல் வருவதற்குள் ஒரு மழைக்காலம் போய்விட்டது. தையில் மனோகரனுக்கும் நீலாவுக்கும் கல்யாணம். மறுநாள் காலை நானும் மாமாவும் மணலில் நின்றோம். நீலா உயரமான பெண், குடத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். பெண்கள் எண்ணத் தொடங்கினார்கள். எல்லோருக்கும் மேலாக முத்தம்மாவின் குரல் கேட்டது. இருபத்தாறில் படி வந்துவிட்டது. நீலா தண்ணீரை ஊற்றினாள். முத்தம்மா மருமகளைக் கட்டிக்கொண்டாள், ஆனால் கண் கடல்மேல்தான் இருந்தது. கல் போட்டாகிவிட்டது, கல்யாணமும் ஆகிவிட்டது. அந்த எண் அங்கேயே நிற்குமா என்று அடுத்த தை வரை யாருக்கும் தெரியாது. எனக்கும் அந்த ஒரு வருஷம் சரியாக ஓடவில்லை.

அடுத்த தையில் பூவம்மாவின் பேரனுக்குக் கல்யாணம் என்று கேள்விப்பட்டேன். அலுவலகத்தில் தலைக்குமேல் வேலை, போக முடியவில்லை. மறுநாள் பகல் பதினோரு மணிக்கு முத்தம்மா வந்தாள். கூடையை வேப்பமரத்தடியில் இறக்கவே இல்லை. தலையில் வைத்தபடியே நேரே என் மேஜைக்கு வந்து நின்றாள். மூச்சு வாங்கியது.

நான் பழைய காகிதத்தை எடுத்து விரித்தேன். சொக்கம்மாள் தொடங்கி நீலா வரைக்கும் நாற்பது வருஷமும் இறங்கிக்கொண்டே வந்திருந்தது. கீழே ஒரு வரிக்கு இடம் இருந்தது.

"எவ்வளவு?" என்றேன்.

"இருவத்தேயு."

"இருபத்தேழா? நல்லா எண்ணினீங்களா? பொண்ணு குட்டையா?"

"தளும்பாம நடந்தா அல்லாருக்கும் ஒரே அடி நைனா. எத்தினி தபா சொல்றது?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எய்து. நான் பாக்கணும்."

பேனாவை எடுத்தேன். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் மேஜைமேல் குனிந்து என் கையையே பார்த்தாள், கூடையிலிருந்து ஒரு சொட்டு நீர் காகிதத்தில் விழுந்தது.

"ஒயுங்கா எய்து நைனா" என்றாள். "ஒண்ணுன்னு போட்டுடாத."